பதினெட்டில் திறக்கும் கதவு

சென்னையிலிருந்து புதுவை நோக்கிக் கடலோரமாய் வருவோர், மரக்காணத்தை எட்டியதும் ஒரு வெண்மையைக் காண்பர். பாத்தி பாத்தியாய் உப்பளம்! கண் கூசும் வெயிலில், முழங்கால் வரை உப்புநீர் ஏற, பலகை கொண்டு உப்பு வாரும் ஆண்களும் பெண்களும். இன்னும் தெற்கே வந்தால் செம்மண் மேடு, மரச்செறிவு, ஆரோவில். 1968 பிப்ரவரி 28ஆம் நாள், 124 நாடுகளின் மண்ணைப் பிடி பிடியாய்க் கொணர்ந்து ஒரு தாழியிலிட்டு அந்நகரைத் தொடங்கினர். தனியொருவர் எவர்க்கும் அது உரியதன்று, மனித குலம் முழுமைக்கும் உரியது என்பது அதன் பட்டயத்தின் முதற் கூற்று.

நல்ல கூற்று. எவர்க்கும் உரியதல்லாத அந்த மண்ணைக் காக்க 1988இல் பாராளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. உடைமையாளர் இல்லாத நிலத்துக்குச் சட்டம் கிடைத்தது. உரிமை கொண்டாட ஒருவரும் இல்லாத பிள்ளைக்கு என்ன கிடைத்தது? உப்பளத்தில் தந்தையையும் தாயையும் பறிகொடுத்த சிறுவன், காப்பகத்தில் வளர்ந்த சிறுமி, பெரியம்மா வீட்டுத் திண்ணையில் படித்துப் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளை - இவர்கள் கல்லூரி வாயிலில் வந்து நிற்கும்போது, பணம் கட்டுபவர் யார்? இவ்வொரு கேள்வியை எடுத்துக்கொண்டு வரலாற்றைச் சற்றே புரட்டுவோம்.

பழைய பெருமை பேசுவோர் உடனே சிறுபாணாற்றுப்படையை விரிப்பர். ஓய்மா நாட்டு நல்லியக்கோடனின் எயிற்பட்டினம் இந்த மரக்காணமே என்று அறிஞர் பலர் கருதுவதும் உண்மை. உமணப் பெண்களின் பிள்ளைகளோடு மந்தி ஒன்று, சிப்பிக்குள் முத்தையிட்டுக் கிலுகிலுப்பை ஆடும் அழகிய காட்சி அந்நூலில் இருப்பதும் உண்மை. முத்துக் கிலுகிலுப்பை ஆடிய அந்த உப்பு வணிகரின் பிள்ளைகள் எங்குப் படித்தனர் என்று மட்டும் பாணர் சொல்லவில்லை. நாமும் அவரை வற்புறுத்த வேண்டா.

நமக்கு வேண்டிய கதை சென்னை எழும்பூரில் தொடங்குகிறது. கும்பினி ஆட்சிக் காலம். வெள்ளைச் சிப்பாய்கள் இந்நாட்டுப் பெண்களோடு வாழ்ந்து, பிள்ளைகளைப் பெற்று, போரிலும் காய்ச்சலிலும் மாண்டனர். அப்பிள்ளைகளுக்காக எழுந்தது படைவீரர் ஆண் பிள்ளைகள் காப்பகம். 1789இல் அதன் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார். ஆசிரியர் பஞ்சம். அப்போது அவர் கண்ணில் பட்டது நம் திண்ணைப் பள்ளி: பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினர். அதைக் கண்டவர் காப்பகத்திலும் மணலைப் பரப்பினார். கற்ற பையனைக் கல்லாத பையனுக்கு ஆசிரியனாக்கினார். 1797இல் அம்முறையைப் பற்றி நூல் வெளியிட்டார். சென்னை முறை என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுதும் பரவியது. அவர் விட்டுச் சென்ற செல்வத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் எழுந்த பள்ளி இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றே அழைக்கப்படுகிறது. பெற்றோரற்ற சென்னைச் சிறுவர் மீது செய்து பார்த்த சோதனையால், பெற்றோருள்ள ஆங்கிலச் சிறுவர் எழுத்தறிந்தனர்!

இதனினும் வியப்பான செய்தி அடுத்தது. 1794இல் மைக்கேல் டாப்பிங் என்ற வானியலாளர், நிலம் அளக்க ஆள் வேண்டுமென்று கும்பினியாரிடம் கேட்டார். ஐரோப்பியரை வரவழைத்தால் செலவு மிகுதி. காப்பகத்துப் பையன்களோ கையருகே இருந்தனர். எட்டு மாணவரோடு நில அளவைப் பள்ளி தொடங்கிற்று. சோறும் துணியும் கொடுத்து, கணிதமும் வரைபடமும் கற்பித்து, வேலையிலும் அமர்த்தினர். அந்தப் பள்ளிதான் வளர்ந்து, பெயர் மாறி, இடம் மாறி, இன்று கிண்டிப் பொறியியற் கல்லூரியாக நிற்கிறது. தன் பிறந்த ஆண்டாக அக்கல்லூரி குறிப்பதும் அந்த 1794ஐயே.

சிந்தித்துப் பாருங்கள், தோழர்களே! தென்னாட்டின் தலைசிறந்த தொழில்நுட்பக் கல்லூரிக்கு விதையாய் அமைந்தவர்கள் அரண்மனைப் பிள்ளைகளல்லர், அக்கிரகாரத்துப் பிள்ளைகளுமல்லர், காப்பகத்துப் பிள்ளைகள். தகப்பன் யார், குலம் யாது, ஆண்டு வருமானம் எவ்வளவு என்ற கேள்விகளுக்கு விடை இல்லாதவர்கள். அவர்களுள் ஒருவர் யோசுவா டி பென்னிங். காப்பகத்தில் வளர்ந்து, அளவைப் பள்ளியில் பயின்று, லாம்டன் நடத்திய மாபெரும் முக்கோண அளவையில் அவருக்கு வலக்கரமாய் விளங்கியவர். 1802இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய அப்பணி இமயம் வரை சென்றது. உலகப் புகழ் பெற்ற அந்தக் கணக்குகளில் காப்பகத்துப் பிள்ளையின் கை இருந்தது.

கும்பினியாரின் கருணை என்று இதைச் சொல்ல வேண்டா. மலிவான ஆள் தேவைப்பட்டது, கற்பித்தனர். ஆயினும் ஒன்று தெளிவாயிற்று. படிப்புக் காலம் முழுவதும் உணவும் உறையுளும் செலவும் பொறுப்பேற்கப்பட்டால், பெற்றோரற்ற பிள்ளை எந்தப் பிள்ளைக்கும் குறைந்தவனல்லன். 1794இல் தெளிந்த உண்மை, பிறகு வந்த சர்க்கார்களுக்கு மறந்துபோயிற்று.

மறதியின் வரலாறு நீண்டது. தாது வருடப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை தென்னாட்டைத் தின்றது. எஞ்சிய பிள்ளைகளைக் கிறித்தவ மடங்களின் இல்லங்கள் எடுத்து வளர்த்தன. தச்சும் நெசவும் தையலும் கற்பித்தன. 1920இல் வந்த சென்னைச் சிறுவர் சட்டம் இந்தியாவிலேயே முதன்மையானது. ஆதரவற்ற சிறுவரையும் குற்றம் புரிந்த சிறுவரையும் தனித்தனியே கருதி நடத்த வழி செய்தது. அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அதன் பள்ளிகளும் கைத்தொழிலோடு நின்றன. தாயும் தந்தையும் இல்லாதவனுக்குத் தச்சு போதும் என்று முடிவு செய்தவர் யார்? அந்த முடிவு எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. எழுதப்படாத முடிவுகளே நம் நாட்டில் நெடுங்காலம் ஆட்சி செய்கின்றன.

கல்லூரி வரை கைப்பிடித்து அழைத்துச் சென்ற ஓர் இல்லம் இருந்தது. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். குழந்தைப் பருவத்திலேயே கைம்மை சுமத்தப்பட்ட ஆர். எஸ். சுப்பலட்சுமி அம்மையார், பட்டம் பெற்றபின், 1912இல் தம்மைப் போன்ற சிறுமியர்க்கு இல்லம் அமைத்தார். பிறகு அவ்விடுதி கடற்கரை ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் சர்க்கார் செலவில் நடந்தது. 1914இல் தோன்றிய இராணி மேரிக் கல்லூரி அதே கடற்கரைச் சாலையில். இல்லத்திலிருந்து கல்லூரிக்கு நடந்தே போகலாம். அரும்பணி, ஐயமில்லை. ஆனால் அவ்விடுதி பார்ப்பனக் கைம்பெண்களுக்கு மட்டுமே. வேறு குலத்தார் சேர்ந்தால் பெற்றோர் அனுப்பமாட்டார் என்பது அன்று சொல்லப்பட்ட காரணம். பொதுப் பணம், ஒரு குலத்து விடுதி. அம்மையாரைப் பழிக்க இதைச் சொல்லவில்லை. பின்னாளில் அவர் எல்லாச் சாதியினர்க்கும் பள்ளி நடத்தினார். வைதிகம் எத்துணை வலிமையோடு இருந்தது என்பதைக் காட்டவே சொல்கிறோம்.

பூட்டை உடைத்தவர் டாக்டர் முத்துலட்சுமி அம்மையார். பொட்டுக் கட்டும் வழக்கத்தை எதிர்த்துச் சட்டமன்றத்தில் அவர் முழங்கிய நாட்களில், அக்குலத்துச் சிறுமியர் சிலர் தப்பி வந்து அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். விடுதிகளில் இடம் கேட்டுப் பார்த்தார், ஏற்க மறுத்தனர். 'எந்தக் குலம்' என்ற கேள்வி அங்கும் குறுக்கே நின்றது. 1930இல் தம் வீட்டிலேயே ஔவை இல்லத்தைத் தொடங்கினார். சாதி கேளாத இல்லம்.

பொட்டுக் கட்டும் கொடுமையிலிருந்து வந்த இன்னொரு பெருமாட்டியை நம் இளைஞர்கள் அறிவர். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், 1883இல் பிறந்தவர். சிறு வயதில் பத்து ரூபாய்க்கும் ஒரு பழஞ்சேலைக்கும் விற்கப்பட்டு, தாசி குலத்தார் ஒருவரிடம் வளர்ந்தார். பெற்றவர் வளர்க்காத பிள்ளை. தன் வாழ்வையே நாவலாக்கி 1936இல் வெளியிட்டார். 1962இல் மறையும் வரை மேடை மேடையாய்ப் போராடினார். அவர் பெயரில் 1989இல் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் வந்தது. 2011க்குப் பின் பணத்தோடு தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. 2022இல் அத்திட்டம் உருமாறிற்று. அவ்வாண்டு செப்டம்பர் 5 முதல், அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை பயின்று கல்லூரி சேர்ந்த பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் 'புதுமைப் பெண்' திட்டமாயிற்று. 2024 ஆகஸ்டில் ஆண் பிள்ளைகளுக்கும் 'தமிழ்ப் புதல்வன்' வந்தது. தாலிக்குத் தங்கம் என்றிருந்தது, கல்லூரிக்குப் பணம் என்று மாறியது! பத்து ரூபாய்க்கு விற்கப்பட்ட சிறுமியின் பெயருக்கு இதைவிடப் பொருத்தமான மாற்றம் வேறில்லை.

இனி, தலைப்பெழுத்து. கல்லூரி விண்ணப்பத்தின் முதல் வரியே தகப்பன் பெயரைக் கேட்கிறது. 'அநாதை' என்று நாம் கூசாமல் வழங்கும் சொல்லுக்குப் பொருள் என்ன? நாதன் இல்லாதவன். தலைவன் ஒருவனுக்கு உடைமையாய் இருந்தாலன்றி மனிதனுக்கு மதிப்பில்லை என்பது அச்சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் தத்துவம். இச்சிக்கலுக்குத் திருச்சியில் ஒரு விடை தோன்றிற்று. பெரியார் தோற்றுவித்த நாகம்மையார் குழந்தைகள் இல்லத்தில், மணியம்மையார் எடுத்து வளர்த்த பிள்ளைகளுக்கு 'ஈ.வெ.ரா.ம.' என்பதே தலைப்பெழுத்து. பெரியாரின் எழுத்துகளும் மணியம்மையாரின் எழுத்தும். குலமும் கோத்திரமும் இல்லை. ஆயினும் விண்ணப்பத்தில் அந்த இடம் காலியாய் இல்லை.

தலைப்பெழுத்தை அன்பால் தீர்க்கலாம். சாதிச் சான்றிதழைத் தீர்க்கச் சட்டம் வேண்டும். இங்கேதான் நம் நாட்டின் விந்தைகளில் ஒன்றைக் காண்கிறோம். தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில், சாதிப் பெயர்களின் நீண்ட வரிசைக்கு நடுவே, சாதியே அல்லாத ஒரு வரி உண்டு. பத்து வயது நிறையும் முன் பெற்றோரை இழந்து, சட்டப்படியோ வழக்கப்படியோ காப்பார் ஒருவரும் இன்றி, அரசு நடத்தும் அல்லது அரசு ஏற்ற பள்ளியிலோ காப்பகத்திலோ சேர்க்கப்பட்ட பிள்ளைகள் பிற்படுத்தப்பட்டோராவர் என்பது அவ்வரி. இல்லாமையே பின்தங்கல் என்று ஒப்புக்கொண்ட வரி. மகாராட்டிரத்தில் காப்பகத்தில் வளர்ந்த ஒரு பெண் தேர்வில் தேறியும் எந்தப் பிரிவிலும் சேராது தவித்துப் போராடிய பின்னரே, 2018இல் அம்மாநிலம் நூற்றுக்கு ஒன்று ஒதுக்கியது. தமிழ்நாடு அதற்கு முன்பே வழி கண்டிருந்தது. பெருமை கொள்வோம்.

பெருமை கொண்டபின், அவ்வரியை மீண்டும் ஒருமுறை படிப்போம். பத்து வயதில் இழந்தால் பிற்படுத்தப்பட்டவன், பதினொன்றில் இழந்தால்? தாய் இறந்து, தந்தை கைவிட்டு ஓடிப்போனால்? எல்லாவற்றினும் பெரிய முரண் கடைசிச் சொற்களில் இருக்கிறது. காப்பகத்தில் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும்! ஆனால் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் என்ன சொல்கிறது? காப்பகம் கடைசி வழி. இயன்றவரை குடும்பத்திலேயே வளர வேண்டும். வளர்ப்புக் குடும்பத்தில் விடலாம், உறவினர் வீட்டிலிருந்தால் நிதி ஆதரவு தரலாம் என்று 44, 45ஆம் பிரிவுகள் வகுக்கின்றன. நல்ல நெறி. உலகம் ஏற்ற நெறி. ஆனால் அந்நெறிப்படி வளர்ப்புக் குடும்பத்தில் வளர்ந்த பிள்ளை, பட்டியல் கேட்கும் காப்பகத்து வாயிலை மிதித்தவனல்லன். ஆகவே அவ்வரிக்குள் அவன் இல்லை. ஒரு சட்டம் குடும்பத்துக்குப் போ என்கிறது. மற்றொரு பட்டியல் ஏன் போனாய் என்கிறது. ஈதென்ன நீதி?

அதே சட்டத்தின் 46ஆம் பிரிவைப் பாருங்கள். பதினெட்டு நிறைந்து காப்பகத்தை விட்டு வெளியேறுபவர் சமூகத்தோடு இணைய நிதியுதவி 'வழங்கப்படலாம்' என்கிறது. வேண்டும் என்று எழுதவில்லை. லாம் என்று எழுதிற்று. விதிகளின்படி இந்தப் பிற்காப்பு 21 வயது வரை; விதிவிலக்காக இன்னும் இரண்டாண்டு. ஒன்றிய அரசின் வாத்சல்யத் திட்டத்தில் 2022 முதல் மாதம் 4,000 ரூபாய் என்று வகுக்கப்பட்டது. மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கு இது ஒருவாறு ஒத்துவரும். மருத்துவம் ஐந்தரை ஆண்டு. காப்பகத்துப் பிள்ளை மருத்துவம் படிப்பான் என்று விதி எழுதியவர் நினைக்கவில்லை போலும். மீண்டும் அந்த எழுதப்படாத முடிவு!

பேரிடர் வந்தபோதெல்லாம் அரசின் கை தாராளமாய் நீண்டது என்பதையும் மறைக்கலாகாது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நாகையிலும் கடலூரிலும் இல்லங்கள் எழுந்தன. பிள்ளைகளின் பெயரில் வைப்புத்தொகை இடப்பட்டது. 2021 மே 29 அன்று, கொரோனாவில் இரு பெற்றோரையும் இழந்த பிள்ளைக்கு 5 இலட்சம் வைப்புத்தொகை, பட்டப்படிப்பு வரை கல்விச் செலவு, விடுதிச் செலவு எனத் தமிழ்நாட்டரசு அறிவித்தது. உறவினர் வீட்டில் வளர்வோர்க்கு மாதம் 3,000 ரூபாய் என்றும் சேர்த்தது. 2023 மே மாதம் இதே மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் நச்சுச் சாராயம் பதின்மருக்கு மேல் பலி கொண்டது. இறந்தோர் குடும்பங்களுக்கு 10 இலட்சம் அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி. அங்கு இரு பெற்றோரையும் இழந்த பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வரை கல்விச் செலவும், பதினெட்டு வரை மாதம் 5,000 ரூபாயும், 5 இலட்சம் வைப்புத்தொகையும் அறிவித்தனர்.

ஒவ்வொன்றும் தேவையே. ஒரு ரூபாயும் மிகையன்று. ஆனால் வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு வினா எழத்தான் செய்கிறது. அலை அடித்து இறந்தால் ஓர் உதவி. தொற்றில் இறந்தால் ஓர் உதவி. சாராயத்தில் இறந்தால் ஓர் உதவி. உப்பளத்து வரப்பில் பாம்பு கடித்து இறந்தவன் பிள்ளைக்கு? காசநோயில் நைந்து, செய்தித்தாளில் ஒரு வரியும் இல்லாமல் போன தாயின் மகளுக்கு? தகப்பன் எப்படிச் செத்தான் என்பதா பிள்ளையின் தகுதி? செத்தவருக்கு இங்கே சொர்க்கம், நரகம் என்று தரம் பிரிப்போர் உண்டு. அதைத்தான் நாம் மூடநம்பிக்கை என்கிறோம். உதவித்தொகையிலும் சாவுக்குத் தரமா?

இந்த வினாவுக்கு விடையின் தொடக்கம் அண்மையில்தான் வந்தது. 2025 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய 'அன்புக்கரங்கள்' திட்டம், எப்படி இழந்தாய் என்று கேளாமல், பெற்றோரை இழந்த வறிய பிள்ளைக்கு மாதம் 2,000 ரூபாய் என்றது. ஆனால் அந்த உதவியும் 18 வயது வரை. அதன் பிறகு கல்லூரிக்கும் திறன் பயிற்சிக்கும் வழி செய்வோம் என்பது உறுதிமொழி. உறுதிமொழி தொகையாக வேண்டும்.

சென்னைப் பல்கலைக்கழகம் 2010-11இல் தொடங்கிய இலவசக் கல்வித் திட்டத்தில், பெற்றோரற்ற மாணவர்க்கு முன்னுரிமை தந்து கல்லூரிகளில் இடம் ஒதுக்கச் செய்தது. சிறிய திட்டம், ஆனால் பொருத்தமான இடத்தில் கைவைத்த திட்டம். மற்றப் பல்கலைக்கழகங்கள் பின்பற்றத் தடை என்ன?

பிற நாடுகளைச் சற்றே நோக்குவோம். அமெரிக்காவில் 13 வயதுக்குப் பின் எப்போதேனும் வளர்ப்புப் பராமரிப்பில் இருந்த, அல்லது பெற்றோர் இருவரையும் இழந்த மாணவர், கல்லூரி உதவிக்கு விண்ணப்பிக்கும்போது தனித்து நிற்பவராகக் கருதப்படுவார். பெற்றோர் வருமானத்தைக் கேட்பதில்லை. இங்கோ வருமானச் சான்றுக்காக, இல்லாத தகப்பனின் வருமானம் இல்லை என்று நிறுவ வட்டாட்சியர் அலுவலகப் படிகளில் ஏறி இறங்க வேண்டும். இங்கிலாந்தில் 2008 முதல் இத்தகைய மாணவர்க்கு 2,000 பவுன் தனியுதவி உண்டு. அதனினும் நுட்பமானது வேறொன்று. விடுமுறையில் விடுதி மூடினால் தங்க இடமளிப்பது உள்ளாட்சியின் கடமை என்று அங்கே சட்டம் இருக்கிறது. பொங்கலுக்கு விடுதிச் சமையற்கட்டு பூட்டப்படும். எல்லோரும் ஊருக்குப் போவர். ஊரில்லாத பிள்ளை எங்கே போகும்? இந்த ஒரு வினாவை நினைத்துப் பார்த்த சட்டம் அது.

இக்கரைக்குத் திரும்புவோம். கல்விக்கூடங்கள் இங்கு இல்லாமலில்லை. ஆரோவிலைச் சுற்றிய சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு ஐக்கியம், உதவி, இசையம்பலம் முதலிய பள்ளிகள் உள்ளன. காலாப்பட்டில் 1985இல் தோன்றிய புதுவைப் பல்கலைக்கழகம் கூப்பிடு தூரம். திண்டிவனத்தில் அமைச்சராயிருந்த ஆ. கோவிந்தசாமியின் பெயரில் அரசு கலைக் கல்லூரி நிற்கிறது. சாலை இருக்கிறது, பேருந்து இருக்கிறது.

வேண்டுவது முன்கூட்டிய வேலை. நம் மன்றத் தோழர்கள் மாலைக் கூட்டம் முடிந்து கலையுமுன், தம் ஊரில் பெற்றோரற்ற பிள்ளைகள் யார் யார், எவ்வகுப்பில் படிக்கின்றனர் என்று ஒரு ஏட்டில் எழுதட்டும். பதினொன்றாம் வகுப்பிலேயே அவர்க்குச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, ஆதார் ஆகியன ஆயத்தமாகட்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு விழுப்புரத்தில் இருக்கிறது; பிற்காப்பு விண்ணப்பம் அங்கே, பதினெட்டு நிறையும் முன்பே, எழுத்து வடிவில் சேரட்டும். வாய்மொழியாய்க் கேட்டால் வாய்மொழியாகவே இல்லை என்பர். எழுத்தில் கேட்டால் எழுத்தில் விடை தந்தாக வேண்டும்.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. மழை நின்ற தை மாதத்துக்குப் பின் உப்பளத்தில் வேலை தொடங்கும். சித்திரை, வைகாசியில் வெயில் ஏற ஏற உப்பு விளைச்சல் உச்சம், ஆள் போதாது, கூலி உடனே கைக்கு வரும். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாவதும் அதே மே மாதம். கல்லூரியில் சேர்க்கைக் கட்டணம் கேட்பதும் அதையொட்டியே. பதினெட்டு நிறைந்து காப்பகத்திலிருந்து பெட்டியோடு வெளியே வரும் பிள்ளைக்கு முன்னால், அந்த மாதத்தில், பணம் கேட்கும் வாயில் ஒன்றும் பணம் கொடுக்கும் பாத்தி ஒன்றும் இருக்கின்றன.